முப்பத்தொன்றாவது கேள்வி

தக்கலையில் பஸ் மாற வேண்டும்.
முன்வாசல் வழியாக ஏறமாட்டாள் ஜினி.
பின்வாசலில் ஆள் தொங்கிய மூன்று பஸ்ஸை விட்டோம்.
ஆசாரிப்பள்ளம் போய்ச் சேர்ந்தபோது
எங்கள் டோக்கனைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.
விஜிலா கவுண்டரில் சண்டை போட்டாள்.
நான் பையின் ஜிப்பைத் திறந்து
ஆதார் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
மறுபடி பார்த்தேன்.

டாக்டரம்மா ஒரு பச்சைத் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.
பெயர் சொன்னால் திரும்புவாளா?
குக்கர் விசிலுக்குத் திரும்புவாள்.
விரல் நீட்டிக் காட்டுவாளா?
என் கையை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைப்பாள்,
அகப்பையை எடுத்துவைப்பது மாதிரி.
மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா?
மற்ற பிள்ளைகளின் செருப்போடு.
விஜிலா சொல்லிக்கொண்டே போனாள்,
இப்படி ஒருத்தர் கேட்பார் என்று
ஐந்து வருஷம் காத்திருந்தவள் போல.

சாமான்களை வரிசையாக வைப்பாளா?
சிரட்டை, டாக்டர்.
ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை.
நடையிலிருந்து அடுக்களை வரை.
ஒன்று சரிந்தால் எல்லாவற்றையும் எடுத்து
முதலிலிருந்து.
பக்கத்து வீட்டு ஷோபிதம் சொல்லுவாள்:
'அப்பன உரிச்சு வச்சிருக்கு பிள்ள.
என்னா ஒழுங்கு!'

முப்பதோடு தாள் முடிந்தது.
பேனாவை மூடிவிட்டு அவர் கேட்டார்:
'அப்ப அவ முகம் எப்படி இருக்கும்?'

சிரட்டை வைக்கும்போது முனகுவாள்,
தாய்மடி கிடைத்த கன்று மாதிரி ஒரு சத்தம்.
'கை கழுவும்போது?'
விஜிலா நிறுத்தினாள்.
கை கழுவும்போது அழுவாள்.
நாங்கள் யாரும் கழுவச் சொல்வதில்லை.
குழாயை மூடினால்
தன் கையைப் பார்த்து இன்னும் அழுவாள்.

'ஒண்ணு அவ இளைப்பாறுற இடம்.
இன்னொண்ணு அவளை விரட்டுது.
வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும்.
ஒரே பிள்ளைக்கு ரெண்டும் இருக்கலாம்.'
ஆட்டிசம் என்று எழுதினார்.
கீழே ஓசிடி என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
'ஆறு மாசம் பாத்துட்டுச் சொல்லுவோம்.
அஞ்சு வயசுலயே கொண்டுவந்தது நல்லது.'

அஞ்சு வயசு.
எனக்கு முப்பத்தெட்டு.

காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
பேச்சிப்பாறைச் சரிவில் முந்நூறு மரம் வெட்டுகிறேன்.
வெட்டிய மரத்துக்குத் திரும்பிப் போகிறேன்.
சிரட்டை சரியாக இருக்கிறது.
இன்னொரு முறை போகிறேன்.
வெட்டுக்கத்தியின் வாய் தரையைப் பார்க்க வேண்டும்,
இல்லாவிட்டால் ஜினிக்கு ஏதோ ஆகிவிடும்.
என்ன ஆகும் என்று சொல்லமாட்டேன்,
சொன்னாலும் ஆகிவிடும்.
தோட்டத்து முதலாளி எல்லோரிடமும் சொல்லுவார்,
'ஜோன்ராஜுக்குள்ள கவனம் ஒருத்தனுக்கும் கிடையாது.'
இருபது வருஷமாக அந்தப் பாராட்டை
உடம்பில் ஒட்டிய பாலைப் போல
உரித்து எடுக்க முடியாமல் சுமக்கிறேன்.

நெற்றி விளக்கு
பட்டையைக் காட்டும், அட்டையைக் காட்டும்,
பாம்பின் கண்ணைக்கூடக் காட்டும்.
கட்டியிருப்பவன் முகத்தைக் காட்டாது.

திரும்பும் வழியில் ஜினி ஜன்னலோரம் தூங்கினாள்,
கை விரலெல்லாம் நீரில் ஊறிச் சுருங்கி.
விஜிலா ஒன்றும் பேசவில்லை.
நானும்.

மறுநாள் நாலு மணி.
கொண்டியைப் போட்டேன்.
படியிறங்கித் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன்.
ஆறாவது முறை உள்ளேயிருந்து கதவு திறந்தது.
'என்ன செய்யிய?'
பதிலுக்கு வாய் திறந்தேன், வரவில்லை.
விளக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.
'என் முகத்துல அடிச்சுப் பாரு.'

அடித்தாள்.
கண் கூசியது, மூடவில்லை.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்,
கையில் தாளும் இல்லாமல், பேனாவும் இல்லாமல்.
உள்ளே சிரட்டை ஒன்று தரையைத் தொடும் சத்தம்.
பிறகு இன்னொன்று.